ஹேக்கிளும் கடைசி வீட்டுச் சேவலும்

எங்கள் வீட்டுச் சேவலுக்கு செக்கர் என்று பெயர் வைத்தது நான்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறுகிறவரைப் போல அவனும் எப்போது வந்து குரல் கொடுப்பான் என்று யாருக்கும் தெரியாது. என் பெயர் சுசீலாபாய். கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படுகிற சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. இரண்டும் இல்லாமல் காலை நேரத்தில் திருவனந்தபுரத்து பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு நாள் வந்து கொடுத்துப் பாருங்கள்.

வேலைக்குப் பக்கம் என்று கரமனையில் வீடு தேடினோம். கிடைத்தது மேலத்தெருவின் ஆற்றுப்பக்க முனையில். தெரு அக்கிரகாரம். கோயிலில் தொடங்கி இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார், வாடகை வந்தால் போதும் என்கிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம் அந்தத் தெருவில் எங்களுடையது மட்டும்தான். அதைப் பற்றி ஒருவர்கூட முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

வாயால் சொல்லவில்லை, கோலத்தில் காட்டினார்கள். ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று ஊரெல்லாம் பூக்களம் போட்டால் மேலத்தெருக்காரர்கள் தெரு நீளத்துக்கு ஒரே சிக்குக் கோலம் போடுவார்கள். கோயில் வாசலில் தொடங்குகிற கோட்டை, அந்தந்த வீட்டுப் பெண் தன் வாசல் பங்கைப் போட்டு அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுப்பாள். கோடு எங்கேயும் அறுபடக் கூடாது. கடைசியில் ஒரு பெரிய வளைவாக வளைத்துத் திருப்பி மூடிவிடுவார்கள். அந்த வளைவு எங்கள் வீட்டுக்கு முந்தின வீட்டு வாசலில் விழும். வந்த வருஷம் தெரியாமல் நடந்தது என்று நினைத்தேன். மறு வருஷம் வேண்டுமென்றே வாசலில் போய் நின்றேன். கடைசி வளைவு போடுகிறவர் சீதாலக்ஷ்மி மாமி, தெருச் சங்கத்துச் செயலாளர் சேஷன் சாமியின் மனைவி. மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு டூட்டி இல்லையா?" என்று அன்பாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே கையைத் திருப்பிக் கோட்டை மூடினார்.

நாங்கள் கோலம் போடுகிற ஆட்கள் இல்லை. வாசலில் கோலம் வேண்டும் என்ற ஆசையும் எனக்குக் கிடையாது. ஆனால் பக்கத்து வீடு வரைக்கும் வந்த கோடு நம் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், அது வலிக்கத்தான் செய்யும். எனக்கு வலித்தது.

என் வீட்டுக்காரர் ஞானையன் சாலை மார்க்கெட்டில் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். அவருக்குக் கோபம் என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை. "நீ எதுக்கு கெடந்து சாடுக? மழை பெஞ்சா போற மாவு அது," என்றார்.

"போற மாவுக்கே நம்மள எண்ணலைண்ணா, போகாத காரியத்துக்கு எப்பிடி எண்ணுவாவ?" என்றேன். பதில் இல்லாத போதெல்லாம் ஊருக்குப் போய் எதையாவது வாங்கிக்கொண்டு வருவது அவர் பழக்கம். அந்தத் தடவை தங்கை வீட்டிலிருந்து இரண்டு கோழியும் ஒரு சேவலும் கொண்டுவந்தார்.

கோழிகளால் யாருக்கும் தொந்தரவு இல்லை. செக்கர் கதை வேறு. தெரு முழுக்க விளக்கேற்றி ஸ்லோகம் சொல்லுகிற நேரம் பார்த்துத்தான் அவனுக்குத் தொண்டை திறக்கும். இந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால் சங்கத்தின் பொதுக்குழு கூடி, அந்தச் சேவல் ஓணம் கழிந்ததும் தெருவை விட்டுப் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சொல்ல வந்தவர் சேஷன் சாமிதான். ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஒரு செம்பருத்தி நடவேண்டும் என்றாலும் விதி என்ன என்று எடுத்துப் பார்க்கிற மனிதர். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "இது பொதுக்குழு தீர்மானமாக்கும், சுசீலாபாய். நான் வெறும் செயலாளர்," என்றார்.

"சேவலாப் பொறந்தா கூவாதா சாமி?"

"கூவும். அதை நான் மறுக்கலை. தீர்மானம் அப்படி," என்று சொல்லிவிட்டு, கேட்டை அவரே ஒலி வராமல் சாத்திவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. இந்தத் தெருவில் என் சேவலை விரட்டத் தீர்மானம் உண்டு, என் வாசலைத் தொட ஒரு கோடு இல்லை. இந்த வருஷமும் கோலம் எங்களைத் தொடாவிட்டால் தை மாதத்துக்குள் வேறு வீடு பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஞானையனிடம் சொல்லவும் செய்தேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கு ஆறும் வேண்டும், வீட்டுக் கொல்லையில் அவர் வைத்த வாழையும் வேண்டும்.

உத்திராடம் வந்தது. காலையில் கோலம் வந்தது. பக்கத்து வீட்டு வாசலில் வளைந்தது, மூடியது. நான் சன்னலை அடைத்தேன்.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலத்தெருவுக்கும் பக்கத்தில் ஆற்றுக் கடவுக்கு, அதாவது படித்துறைக்கு, போகிற கடவு ரோட்டுக்கும் பல வருஷமாக ஒரு பந்தயம். உத்திராடத்தன்று எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய பள்ளி மைதானத்தில் நடக்கும். யாருக்கும் சட்டென்று பொருள் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல்லைக் குலுக்கி எடுப்பார்கள். இரண்டு கட்சியும் மாறி மாறி அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு பொருளாகச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும். காட்டுகிற பொருள் தங்கள் தெரு வீட்டிலிருந்து வர வேண்டும். கடையில் வாங்கியதும் கூடாது, அடுத்த தெருவில் கேட்டு வாங்கியதும் கூடாது. போன் கூடாது. காட்ட முடியாத கட்சி தோற்றது. ஜெயித்தவர்களுக்கு ஒரு வெண்கலக் கிண்டி, மூக்கு வைத்த செம்பு. மறு ஓணம் வரைக்கும் அது அவர்கள் பக்கத்தில் இருக்கும்.

எது எந்தத் தெரு வீடு என்று ஒரு தடவை தகராறு வந்தபோது சேஷன் சாமி விதி எழுதினாராம். கடவு ரோடு என்றால் பாலத்திலிருந்து கடவு வரை. மேலத்தெரு என்றால் உத்திராடக் கோலம் தொடுகிற வீடுகள். தெருவில் எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்ட விதி. அப்போது நாங்கள் அங்கே குடிவரவில்லை.

சில வருஷமாகக் கிண்டி கடவு ரோட்டிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தலைவர் ஜெயன் மெத்தைக் கடைக்காரர். கிண்டியைப் புளி போட்டுத் தேய்த்து, அதன் மூக்கு மேலத்தெருவைப் பார்க்கிற மாதிரி கடை முகப்பில் வைத்திருப்பார். மேலத்தெருக்காரர்கள் தலையணை வேண்டும் என்றாலும் அந்தக் கடைக்குப் போவதில்லை.

நான் மைதானத்துக்குப் போகவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்காமல் இருக்க நான் என்ன சந்நியாசியா? கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன். ஞானையன் வாழைக்குத் தண்ணீர் விடுவது போலப் பக்கத்தில் நின்றார்.

போட்டி நடத்துகிறவன் பிஜு, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற பையன், சனி ஞாயிறுகளில் ஊர் ஊராக வினாடி வினா நடத்துவான். பானைக்குள் கை விட்டுச் சீட்டெடுத்து மைக்கில் படித்தான். வந்த சொல், ஹேக்கிள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஆங்கிலம். இப்படி ஒரு சொல்லை அதுவரை என் காதில் யாரும் போட்டதில்லை. ஆனால் சேஷன் சாமியின் மகள் மீரா துள்ளி எழுந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், என்.சி.சி.யில் இருக்கிறாள். "தொப்பியில செருகற இறகுக் குஞ்சம். அணிவகுப்புல வெச்சுப்போம். அதுக்குப் பேர் ஹேக்கிள்," என்றாள். ஓடிப்போய்த் தொப்பியைக் கொண்டுவந்து, வைத்துக்கொண்டு, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். தலையில் சிவப்புக் குஞ்சம் நிமிர்ந்து நின்றது. சீதாலக்ஷ்மி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கடவு ரோட்டு முறை வந்தது. ஜெயன் எழுந்து, நாய்க்குக் கோபம் வந்தால் கழுத்தில் சிலிர்த்து எழும்புகிற மயிருக்கும் ஹேக்கிள் என்றுதான் பெயர் என்றார். அவர் வீட்டுச் சுந்தரியைக் கூட்டிவந்தார்கள். சுந்தரி நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த நாய். எல்லாரையும் பார்த்து வாலை ஆட்டியது. குடையை விரித்துக் காட்டினார்கள், ஆட்டியது. ஜெயன் அதன் முகத்துக்கு நேரே உறுமிப் பார்த்தார், அவர் மூக்கை நக்கியது. மேலத்தெரு சிரித்துச் சிரித்து ஓய்ந்த சமயம், மைக் திடீரென்று கீச்சென்று அலறியது. சுந்தரியின் பிடரி முழுக்க முள்ளாக எழும்பியது. பிஜு சரி என்று தலையாட்டிவிட்டான்.

மூன்றாவது பொருளைச் சொன்னவர் ஆனந்தகிருஷ்ணன் மாமா. மூணாறில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். அங்கே துரைமார் ஓடையில் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வார்களாம், அந்த இறகுச் சுற்றுக்கும் இதே பெயராம். அவர் வேலையை விட்டு வரும்போது முதலாளி அப்படி ஒரு முள்ளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அக்கிரகாரத்து வீட்டிலிருந்து தூண்டில் முள் வந்ததைப் பார்த்து இரண்டு தெருவும் கைதட்டியது. "இது வரைக்கும் ஒரு மீன் பார்த்ததில்லை, கேட்டேளா," என்று மாமா சட்டத்தைத் தூக்கிக் காட்டினார்.

ஜெயன் அசரவில்லை. நாரைச் சிக்கெடுக்கிற இரும்புச் சீப்புக்கும் அந்தப் பெயர் உண்டு என்றார். வீட்டுப் பரணிலிருந்து பலகை நிறைய ஆணி அடித்தது போல ஒன்று வந்தது. தென்னை நாரை அதில் இழுத்து, பெண்பிள்ளை தலைமுடி மாதிரி வழவழவென்று ஆக்கிக் காட்டினார். நானே கல்லின் மேல் நின்று தலையாட்டினேன். ஒரு சொல் ஒரு பெண்ணின் தொப்பியிலும் நாயின் கழுத்திலும் மூணாற்று ஓடையிலும் மெத்தைக் கடையிலும் குடியிருக்கிறதே, இந்தத் தெருவில் எனக்கு ஒரு வாசல் கிடைப்பதற்கு என்ன பாடு என்று தோன்றியது.

மறுபடி மேலத்தெரு முறை. சேஷன் சாமி எழுந்தார். மெலிந்த மனிதர், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இந்தச் சொல்லோட நேர்ப் பொருளை இன்னும் யாரும் சொல்லலை. சேவலோட கழுத்தைச் சுத்தி நீளமா தொங்கற இறகு. அதாக்கும் ஹேக்கிள்," என்றார்.

கடவு ரோடு மொத்தமும் சிரித்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கே வீட்டுக்கு வீடு கோழி உண்டு. ஜெயன் அந்தப் பொருளை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார், அக்கிரகாரத்தில் சேவலைக் காட்ட முடியாது என்று. வேறு எல்லாம் தீர்ந்த பிறகு அதை அவர் எடுத்துக்கொண்டு ஜெயித்துவிடலாம். ஆள் மெத்தையில் பஞ்சு மட்டும் அடைக்கிறவர் இல்லை, கணக்கும் போடுகிறவர்.

மேலத்தெருவில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் எங்கள் சுவர்ப் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து, நான் ஏற்பாடு செய்தது போல, கொல்லையில் செக்கர் ஒரு கூவு கூவினான்.

சேஷன் சாமி மைதானத்தைக் கடந்து சுவரருகே வந்தார். "சுசீலாபாய், உங்காத்துச் சேவல் ஒரு நிமிஷம் வேணும்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஓணம் கழிந்தால் போக வேண்டிய சேவல் இப்போது ஒரு நிமிஷம் வேண்டும். ஞானையன் என் புடவைத் தலைப்பை மெல்ல இழுத்து, "எடுத்துக் குடு சுசீலா," என்றார். நான் கொடுக்கவில்லை.

"தாறேன் சாமி. ஆனா ஒரு காரியம் சொல்லணும். எங்க வீடு மேலத்தெருவில உண்டா, இல்லியா? உண்டுண்ணா அதை மைக்கில சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டு. பொறவு சேவலக் கொண்டு போங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி மைக்கை நோக்கி நடந்தார். அவர் மைக்கருகே போவதற்குள் ஜெயன் எழுந்துவிட்டார். "சாமீ, ஒரு சம்சயம். கோலம் தொடுன்ன வீடல்லே மேலத்தெரு? ராவிலே ஞான் அது வழி நடந்நதா. கோலம் அவிடெ எத்தியிட்டில்லல்லோ," என்றார். காலையில் அந்த வழியாகத்தான் நடந்தேன், கோலம் அந்த வீட்டை எட்டவே இல்லையே என்று. மைதானத்தில் சத்தம் எழும்பியது. பிஜு எல்லாரையும் அடக்கினான். அவரவர் தெரு எல்லையைப் பற்றி அந்தந்தத் தலைவர் சொல்வதே முடிவு, சேஷன் சாமி உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை என்று சொல்லி மைக்கை நீட்டினான்.

ஒரே ஒரு சொல். உண்டு என்று சொன்னால் கிண்டி வந்துவிடும். மேலத்தெருப் பிள்ளைகள், "உண்டுன்னு சொல்லுங்கோ மாமா," என்று கத்தினார்கள். மீராவும் கத்தினாள். சேஷன் சாமி மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லிவிடு மனுஷா என்று நானும் உள்ளுக்குள் கெஞ்சினேன், வெட்கமில்லாமல்.

"அந்த நியமம் எழுதினது நானாக்கும்," என்று தொடங்கினார். "கோலம் தொடற வீடெல்லாம் மேலத்தெருன்னு எழுதினேன். ஜெயன் சொன்னது சரி. இன்னிக்குக் காலம்பறயும் கோலத்தை அவா ஆத்துக்கு முந்தியே மூடியாச்சு. மூணு வருஷமா அப்படித்தான். மூடச் சொல்லி யாரும் சொல்லலை. சொல்லாமலே எங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. அதான் பெரிய தப்பு. செயலாளர் நான், பார்த்துண்டு சும்மா இருந்தேன். அவா வாசலை எங்களுக்கு வேண்டாம்னு வெச்சுட்டு, அவா சேவலை மட்டும் எங்களுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. மேலத்தெரு தோத்துது."

மைக்கைப் பிஜு கையில் கொடுத்துவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயன்கூட கைதட்ட மறந்துவிட்டார்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமே. மூன்று வருஷமாக ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன், ஒரு நாள் இவர்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்பதற்கு. அந்த மனிதர் அதையெல்லாம் அவர் வாயாலேயே ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார். உண்டு என்று சொல்லியிருந்தால், கிண்டிக்காகச் சொன்னார் என்று காலம் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பேன். இப்போது சொல்லிக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கல்லின் மேல் நின்றுகொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. இப்படி ஒரு ஆள் இருக்கிற தெருவிலா இருக்கிறோம் என்று ஒரு பெருமை.

கல்லிலிருந்து இறங்கினேன். செக்கரைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கினேன்.

"இப்ப எங்க போற? போட்டி முடிஞ்சாச்சு," என்றார் ஞானையன்.

"முடியட்டும். நீங்களும் வாங்க."

மைதானத்துக் கேட்டு வழியாக நடந்து போனேன். கூட்டம் வழி விட்டது. பஸ்ஸில்கூட எனக்கு அப்படி யாரும் வழி விட்டதில்லை. பிஜுவிடமிருந்து மைக்கை வாங்கினேன். எனக்கு மைக் தேவையே இல்லை, இருந்தாலும் வாங்கினேன்.

"தோத்தது தோத்ததுதான். நான் கிண்டி கேக்க வரல்ல. சாமி சொன்ன பொருள் சரியாண்ணு எல்லாரும் பாத்துக்கிடுங்க. இது எனக்க சேவல். பேரு செக்கர். மேலத்தெரு கடைசி வீடு," என்றேன்.

கடைசி வீடு என்று சொல்லும்போது என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. செக்கரைச் சீட்டுப் பானை இருந்த மேஜை மேல் விட்டேன். அந்தப் பக்கம் சுந்தரி அவனைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது. அவ்வளவுதான். செக்கர் தலையைத் தாழ்த்தினான். கழுத்து இறகு முழுக்க விரிந்து, வெயில் சாய்கிற நேரமாக இருந்ததால் செம்பும் பொன்னுமாகப் பளபளத்து, ஒரு குடை மாதிரி சுற்றிலும் எழும்பி நின்றது. அதற்கு ஹேக்கிள் என்பதைவிட நல்ல பெயர் வைக்க யாராலும் முடியாது என்று தோன்றியது. அவ்வளவு பெரிய சுந்தரி ஜெயன் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. முதலில் கைதட்டியது கடவு ரோடு. பிறகு மேலத்தெரு எழுந்து நின்று தட்டியது. சேஷன் சாமி மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைகூப்பினார்.

கிண்டியைப் பிஜு ஜெயனிடம்தான் கொடுத்தான். அதுதான் நியாயம். ஜெயன் அதை வாங்கிக்கொண்டு, செக்கரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடுத்த கொல்லம் நோக்காம், சேச்சி," என்றார். "நோக்கு," என்றேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்ட பிறகுதான் தை மாதத்துக்குள் வேறு வீடு பார்க்கிற திட்டம் ஞாபகம் வந்தது. ஞானையன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முறைத்தேன்.

சேஷன் சாமி எங்களோடு நடந்து வந்தார். கொஞ்ச தூரம் வந்தோம். பிறகு, "சேவல் விஷயம் ஒண்ணு இருக்கு," என்றார்.

"ஓணம் களிஞ்சா கொண்டு விட்டுருதேன் சாமி. சொன்ன வாக்குதான்," என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது.

"அதில்லை. தெருவுக்கு வெளில இருக்கற ஆத்துச் சேவலைப் பத்தித் தீர்மானம் போட சங்கத்துக்கு அதிகாரமே கிடையாது. அந்தத் தீர்மானம் செல்லாது. இனிமே உள்ள வந்துட்டா, புதுசா பொதுக்குழு கூட்டி மொதல்லேர்ந்து பேசணும். நீங்களும் வந்து கை தூக்கலாம்."

அந்த முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. மனிதர் விதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுத் திருப்பம் வந்ததும் நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் சீதாலக்ஷ்மி மாமி தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாவுக் கிண்ணம். காலையில் தானே போட்டு மூடிய வளைவை ஈரத் துணியால் துடைத்துத் திறந்து, அங்கிருந்து கோட்டை எடுத்து, எங்கள் கேட்டைத் தாண்டிப் படிக்கட்டு வரைக்கும் கொண்டுவந்திருந்தார். போட்டியில் தோற்ற உடனேயே எழுந்து வந்திருக்க வேண்டும். மூடின கோலத்தைத் திறப்பது அவர்களிடத்தில் வழக்கமே இல்லை என்று பிறகு மீரா சொன்னாள்.

"மூணு வருஷமா இந்த எடத்துல வளைக்கறச்சே கை கூசும், சுசீலா," என்றார் மாமி, நிமிராமல்.

"பின்ன எதுக்கு வளைச்சிய?"

"தைரியம் வரலை."

உள்ளே போய் ஒரு பலகை கொண்டுவந்து போட்டேன். மாமி அதில் உட்கார்ந்து கடைசி வளைவைப் போட்டார். எங்கள் வாசல் படிக்கு நேரே, பெரிதாக, இரண்டு சுற்று அதிகமாகவே வளைத்து மூடினார். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். குடித்தார்.

மறுநாள் திருவோணம். எனக்கு முதல் டிரிப். விடிவதற்கு முன்னால் யூனிபார்ம் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசல் முழுக்கக் கோலம். மழை பெய்யவில்லை, ஒரு இழை கலையவில்லை. கால் வைக்க இடம் இருந்தது, தாண்டிப் போயிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போனேன். கொல்லைக் கதவு வழியாக இறங்கி, ஆற்றோரச் சேற்றில் நடந்து, சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். பின்னால் செக்கர் கூவினான். தெருவில் யாரோ சன்னலுக்குள்ளிருந்து, "செக்கர் வந்தாச்சு," என்று சொல்வது கேட்டது.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் என் ஷூவைப் பார்த்தார். "என்ன சேச்சி, காலில் இத்தனை செளி? வீட்டுக்கு வழி இல்லியா?" என்று கேட்டார்.

"வழியெல்லாம் இருக்கு," என்றேன். "எங்க வீட்டு வாசல்ல கோலம் போட்டிருக்கு."

பஸ் புறப்பட டபுள் பெல் அடித்தேன்.